வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டினால்

நோயாளிகளைக் கோயம்புத்தூர் மருத்துவமனைகளுக்கு அழைத்துச் செல்லும் நம் அறக்கட்டளை வேன், சென்ற மழைக்காலத்தில் நின்ற இடமெல்லாம் கறுப்பாக ஆயில் சொட்டியது. பட்டறையில் காட்டினோம். "கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போயிடுச்சு, கியர் பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். அந்த சீலின் விலை சொற்பம்; இறக்கி ஏற்றும் கூலிதான் பல ஆயிரம். மக்கள் தந்த பணமாயிற்றே என்று, இரண்டு நாள் அவகாசம் கேட்டு நாங்களே பார்த்தோம். கசிந்தது எஞ்சினின் உச்சியில் இருக்கும் டேப்பட் கவர் பேக்கிங். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. டாக்ஸியும் ஜீப்பும் ஓட்டிப் பிழைக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய இருப்பதால், பார்த்த விதத்தை எழுதுகிறோம்.

முதலில், சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா? ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு பிடித்துப் பாருங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ தண்ணீர் போல இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். வெறும் தண்ணீர் ஏ.சி.யிலிருந்து வருவது, பயமில்லை. மங்கலான மஞ்சளில் மெல்லியதாக, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஈரமிருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை எடுக்கவே வேண்டாம், மெக்கானிக்கை வரவழையுங்கள்.

அடுத்து டிப் ஸ்டிக். நம் ஊரில் இதிலேயே ஒரு சிக்கல் உண்டு. வீட்டு வாசல் சரிவு, தெரு சரிவு, எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போகும் பாதையும் சரிவு. சரிவில் நின்ற வண்டியில் அளவு பொய்யாகக் காட்டும். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, துடைத்துவிட்டு மறுபடி நுழைத்துப் பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை, எப்போதும் ஒரே இடத்தில் பார்த்து நோட்டில் எழுதி வைத்தால் எவ்வளவு குறைகிறது என்பது தெரிந்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. ஆயில் மேலிருந்து வழிந்து, ஓடும்போது காற்றில் பின்னுக்குப் போய், சரிவில் நிற்கும்போது தாழ்ந்த பக்கம் சேர்ந்து, கடைசியில் எங்கோ ஒரு போல்ட் முனையில் சொட்டுகிறது. எங்கள் வேனில் டேப்பட் கவரின் பின் ஓரத்தில் கசிந்த ஆயில் எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டியது. கீழே படுத்துப் பார்த்தவருக்கு அது ஆயில் சீல் போலத்தான் தெரிந்திருக்கும். மேலே பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் துடைக்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, கொஞ்சம் டீசல் தொட்ட பிரஷ்ஷாலும் பனியன் வேஸ்ட்டாலும் பழைய அழுக்கை எடுத்து, உலரத் துடையுங்கள். தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். ஆல்டர்னேட்டரும் வயர் கனெக்ஷன்களும் கெடும். சுத்தமான இடத்தில் குழந்தைகளுக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, கசிவு அங்கேதான். இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைப்பதும் உதவும்.

வண்டிக்கு அடியில் போவதென்றால் சமதளத்தில் மட்டும். சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஸ்டாண்டு கொடுத்த பிறகே போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் படுக்க வேண்டாம்.

பெரும்பாலும் குற்றவாளி மலிவான பொருளாகவே இருக்கும்: டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் ஃபில்டர், ட்ரெயின் போல்ட்டின் வாஷர், ஆயில் பிரஷர் சுவிட்ச். ஆயில் மாற்றிய மறுநாளே கசிவு ஆரம்பித்தால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது ஃபில்டரைப் போட்டார்களா என்று பாருங்கள். இவையெல்லாம் காய்ந்திருந்தால்தான் ஆயில் சீல்களைச் சந்தேகிக்க வேண்டும்.

புது பேக்கிங் போட்டும் மறுபடி மறுபடி கசிகிறதா? ப்ரீதர் குழாயைப் பாருங்கள். எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் வழி அது. குளிரில் பள்ளிக்கூடம் வரை, கடைத்தெரு வரை என்று குறைந்த தூரமே ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச் சூடு ஏறுவதில்லை. உள்ளே ஈரம் தங்கி, ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் போல வெளுப்பாகப் படியும். அது ப்ரீதரை அடைத்தால், உள்ளழுத்தம் சீல்களைப் பிதுக்கி ஆயிலை வெளியே தள்ளும். கூலன்ட்டும் சேர்ந்து குறைந்தால் அது ஹெட் கேஸ்கட் சமாச்சாரம். மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

இன்னொன்று, கீழே ஒரு சொட்டும் இல்லாமல் ஆயில் குறைவது. குன்னூரிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளையும் தாழ்ந்த கியரில் இறங்கி, கல்லாறு சமதளத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை வருகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வண்டியில் அப்படி வந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். இறக்கத்தில் எஞ்சின் இழுக்கும் உறிஞ்சலில் ஆயில் உள்ளே போய் எரிகிறது. வெளியே எந்த பேக்கிங்கை மாற்றினாலும் பயனில்லை.

சரிசெய்யும்போது இரண்டு தவறுகள் வழக்கம். டேப்பட் கவர் போல்ட்டுகளை "இன்னும் கொஞ்சம்" என்று இறுக்கினால் கவர் வளைந்து கசிவு கூடும். சிலிக்கான் பேஸ்ட்டை வாரிப் பூசினால், பிதுங்கிய துண்டுகள் ஆயில் சேம்பரில் விழுந்து சல்லடையை அடைக்கும். கசிவுக்காகக் கெட்டி ஆயில் ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் காலையில் அந்த ஆயில் எஞ்சினின் மேல்பகுதிக்கு ஏறவே நேரமாகும். கம்பெனி புத்தகத்தில் சொன்ன கிரேடையே ஊற்றுங்கள்.

சொட்டுக்கள் சைலன்சர் குழாயில் விழுந்து கருகிய வாடை வந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு, தள்ளிப்போட வேண்டாம். மசினகுடி போகும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள். ஆயில் குறைந்த வண்டி அங்கே திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். எண்ணெய்க் கிண்டி போன்ற சிவப்பு விளக்கு ஒரு நொடி மின்னினாலும் பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். "கீழே போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டினால் எஞ்சின் சீஸ் ஆகிவிடும். பிறகு செலவு லட்சத்தை நோக்கிப் போகும்.

வடித்த பழைய ஆயிலை ஓடையிலோ தேயிலைத் தோட்டத்திலோ ஊற்ற வேண்டாம். குன்னூர் ஆறு பவானியில் சேர்கிறது. கீழே அதைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். மூடி போட்ட கேனில் பட்டறையில் கொடுத்தால், மறுசுழற்சிக்கு எடுப்பவர்களிடம் சேர்ப்பார்கள்.

எங்கள் வேனின் அட்டையை இப்போதும் வாரம் ஒரு இரவு விரித்து வைக்கிறோம். இதுவரை காய்ந்தே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.