பாடம்: கல்விக் கடன் யாருடைய கல்விக்கு?



இந்த மாதப் பாடத்துக்குப் புதிதாக எதுவும் தேவையில்லை. உங்கள் குழுவின் கடன் பதிவேட்டை எடுத்து மடியில் வைத்துக் கொள்ளுங்கள், போதும்.

தம்மம்பட்டியில் ஒரு குழுக் கூட்டம். ஜூன் மாதம் என்றாலே உள்கடன் கேட்பவர்கள் அதிகம். பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் வரிசையாகக் 'கல்வி', 'கல்வி' என்று எழுதியிருந்தது. எங்களுக்கும் சந்தோஷம்தான். முன்பெல்லாம் வைத்தியம், சீர், பழைய கடன் அடைக்க என்றுதானே வாங்குவோம். அப்போது கைநாட்டு வைக்கிற மூத்த உறுப்பினர் ஒருவர், "இத்தனை கல்வி எழுதியிருக்கீங்களே, இதுல பொம்பளப் புள்ளைக்கு எத்தனை கண்ணு?" என்று கேட்டார்.

கூட்டம் கப்சிப். ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டே வந்தோம். தனியார் பள்ளிக் கட்டணம், பையனுக்கு. வேன் பணம், பையனுக்கு. ட்யூஷன், அதுவும் பையனுக்கு. மகள் பேரில் இருந்தது ஒன்றே ஒன்று. விசாரித்தால், அது அவள் வயசுக்கு வந்த சடங்குச் செலவு! 'கல்வி என்று எழுதினால் குழுவில் உடனே கிடைக்கும்' என்று எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் சிரித்துவிட்டோம். பிறகு சிரிப்பு வரவில்லை. அந்தப் பதிவேட்டை வருஷக்கணக்காகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள். வட்டி சரியா, தவணை சரியா என்று பார்த்தோமே தவிர, 'யாருடைய கல்வி?' என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

மகளை அரசுப் பள்ளியில் சேர்ப்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகள் மேலே படிக்க மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் என்ற சட்டம் 2020-ல் வந்தது. பள்ளி எதுவாகவும் இருக்கட்டும். வீட்டுக்கு வந்த பிறகு படிக்க யாருக்கு நேரம் கிடைக்கிறது? பையன் ட்யூஷன் போகிறான். மகள் தண்ணீர் பிடிக்கிறாள், தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, வீட்டில் இருந்த ஒரே செல்போன் யார் கையில் இருந்தது? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். பிறகு அவள் மார்க் குறைந்தால், "அவளுக்குப் படிப்பு ஏறலீங்க" என்கிறோம்.

அதே கூட்டத்தில் ஒரு சகோதரி வாயே திறக்கவில்லை. முடிந்த பிறகு செருப்பு மாட்டும் இடத்தில் வைத்துத்தான் பேசினார். அவருக்கு ஒன்பது வயசில் மனவளர்ச்சி குன்றிய மகள். கல்விக் கடனே அவர் கேட்டதில்லை. "அவளுக்கு என்னங்க பள்ளிக்கூடம், நான் வேலைக்குப் போனா பூட்டிட்டுத்தான் போறேன்" என்றார். அதே தெருவில் எத்தனை முறை நடந்திருக்கிறோம்! அந்த வீட்டில் ஒரு குழந்தை இருப்பது எங்களுக்குத் தெரியாது.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைக்கும் இலவசக் கல்வி என்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இதை 18 வயது வரை நீட்டியது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி தர வழி உண்டு. இதை அந்தச் சகோதரிக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும்தான்.

செங்கல் சூளைக்குப் போய் நடு வருஷத்தில் திரும்பும் குடும்பங்களுக்கும் ஒரு செய்தி. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றோ, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றோ சொல்லிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. இது சட்டத்திலேயே இருக்கிறது. வயசுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப்பயிற்சி தர வேண்டும்.

இதையெல்லாம் எங்கே போய்க் கேட்பது? பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்கலாம். அதில் முக்கால் பங்கு பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய குடும்பங்களின் பெற்றோருக்கும் இடம் தர வேண்டும் என்கிறது சட்டம். 2022-ல் தமிழ்நாட்டில் இந்தக் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது நம் குழுப் பெண்கள் பலர் உறுப்பினர் ஆனார்கள். ஆனால் கூட்டத்துக்குப் போனால் கையெழுத்து, டீ, பிஸ்கட், வீடு. கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றிப் பேசும் நாம், பள்ளிக்கே வராத பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோமா? வராத பிள்ளையின் அம்மா அந்தக் கூட்டத்துக்கு வரமாட்டார். நீங்கள்தான் பேச வேண்டும்.

குழுவில் செய்ய வேண்டியது: கடன் பதிவேட்டில் 'காரணம்' கட்டத்தை ஒட்டி இன்னொரு கோடு போடுங்கள். கல்வி என்றால், மகனுக்கா மகளுக்கா, எந்த வகுப்பு என்று எழுதுங்கள். கடந்த மூன்று வருஷக் கடன்களையும் பிரித்துப் பாருங்கள். பிறகு ஊக்குநர், உறுப்பினர் ஒவ்வொருவரிடமும், "உங்க தெருவுல பள்ளிக்கூடம் போகாத புள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். கூட்டத்தில் சொல்லத் தயங்குபவர்கள் இருப்பார்கள். செருப்பு மாட்டும் இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். எழுதியதை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.