தன்வெளியீட்டு மின்னூல்களில் வகைமைப் பகுப்பும் வாசக அடைவும்: தஞ்சை வட்டாரப் புனைகதையை முன்வைத்து

நூலின் வகைமையை வரையறுக்கும் பொறுப்பு தமிழ் மரபில் இலக்கணிகளுக்கு உரியதாக இருந்தது. தொல்காப்பியம் வனப்பினை எட்டாகப் பகுத்தது. பாட்டியல் நூல்கள் சிற்றிலக்கியங்களை வகுத்தன. 2016இல் அமேசான் கிண்டில் தமிழுக்கு இடமளித்த பின்னர், தன்வெளியீட்டில் அப்பொறுப்பு எழுத்தாளரையே சார்ந்தது. மூன்று வகைமைகள், ஏழு திறவுச்சொற்கள் என்பது இன்றைய வரம்பு.

அவ்வகைமைப் பட்டியல் ஆங்கில நூற்சந்தையின் வழக்கை ஒட்டியது. வரலாற்றுப் புனைவு, காதல், குற்றப்புனைவு ஆகியவற்றுக்கு அதில் தெளிவான இடமுண்டு. தமிழ்த் திறனாய்வு வழங்கும் 'வட்டார நாவல்' என்பதற்கு இல்லை. இதன் விளைவு தஞ்சைப் பகுதி எழுத்தில் நன்கு புலப்படுகிறது. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' சோழர் கதைக்கெனப் பெரும் வாசகத் திரளை உருவாக்கியது. நாட்டுடைமையான படைப்பாதலின் அது மின்னூலாகவும் பரவியுள்ளது. சோழர் கதை எழுதும் புதியவர் அவ்வகைமையில் சேர்ந்த அளவிலேயே அத்திரளின் பார்வைக்கு வருகிறார்.

கீழ்வெண்மணிப் படுகொலையைப் (1968) பொருளாகக் கொண்ட சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' போன்றதொரு நாவலை இன்று ஒருவர் தாமே வெளியிட்டால் எங்கு வைப்பார்? வரலாற்றுப் புனைவு எனின் அரசர் கதை தேடுவோர் ஏமாறுவர். பொதுப்புனைவு எனின் நூல் திரளில் மறையும். (மருதம் என்று அடக்கிவிடவும் இயலாது, அதன் உரிப்பொருள் ஊடலேயன்றிக் கூலிப் போராட்டம் அன்று.)

எஞ்சுவன திறவுச்சொல்லும் துணைத்தலைப்புமே. ஆயின் 'கீழத்தஞ்சை' எனத் தேடுவோர் அவ்வட்டாரத்தை முன்னரே அறிந்தவர். அறியாத வாசகரைக் கொணர்வது வகைமையே. நடவு வயலின் கதைக்கு வாய்க்காததும் அதுவே.