அக்ரிலிக் கீசெயின்: வீட்டு மெஷினில் எதுவரை வெட்டலாம்?



இந்த மாதம் கைத்தொழில் பாடம். கோயில் திருவிழா, தீபாவளிச் சந்தை, பள்ளி நிதி திரட்டும் நாள் என்று எது வந்தாலும், நம் பிள்ளைகள் கடை போட நினைத்தால் முதலில் சொல்வது கீசெயின்தான். பேர் போட்ட அக்ரிலிக் கீசெயின் பார்க்க அழகு, கைக்கு அடக்கம், விலையும் குறைவு. மலாக்கா பட்டணத்துக்கு வரும் சுற்றுப்பயணிகளும் ஞாபகத்துக்கு வாங்கிப் போறாங்க. "ஒரு கிராஃப்ட் மெஷின் வாங்கிட்டா நாமே வெட்டிடலாமே அண்ணே?" என்று அலோர் காஜாவிலிருந்தும் மெர்லிமாவிலிருந்தும் பிள்ளைகள் கேட்கிறாங்க.

வெட்டலாம். ஆனா எந்த மெஷின், எவ்வளவு தடிப்பு, எத்தனை வெட்டு என்று தெரிஞ்சுக்கிட்டு இறங்கணும். தெரியாம கிளைக் காசைப் போட்டு வாங்கினா, ரெண்டு மாசத்தில் மெஷின் அலமாரிக்குள்ளே தூங்கும். பிள்ளைகளுக்கும் அடுத்த முயற்சிக்கு மனசு வராது. அதனால பொறுமையா படிங்க.

1. அக்ரிலிக் என்றால் என்ன?

அக்ரிலிக்கின் முழுப்பெயர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். 1930-களில் ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ் என்றும், இங்கிலாந்தில் பெர்ஸ்பெக்ஸ் என்றும் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரில் போர் விமானிகளின் தலைக்கு மேல் இருந்த கண்ணாடிக் கூடு இதுதான். கண்ணாடியைப் போல ஒளியை விடும்; எடை கண்ணாடியில் பாதிதான்.

ஆனா ஒரு குணம் கவனிக்கணும். அக்ரிலிக் வளையாது, விரிசல் விடும். தாளை, ஸ்டிக்கரை வெட்டும்போது கத்தி சுலபமா நுழைஞ்சு போகும். அக்ரிலிக்கில் கத்தியை அழுத்தினா பொருள் விலகி வழி விடாது. ஓர் இடத்தில் கீறல் விழுந்து, அங்கிருந்து தன் இஷ்டத்துக்குப் பிளக்கும். இந்தப் பாடத்தில் வரும் எல்லா எச்சரிக்கைக்கும் காரணம் இதுதான்.

2. எந்த மெஷினால் முடியும்?

வீட்டு கிராஃப்ட் மெஷினில் ஒரு சின்னக் கத்தி படத்தின் கோட்டைப் பின்பற்றி ஓடும். இங்கே அதிகம் பேசப்படுவது கிரிக்கட் வகை. அதில் ஜாய், எக்ஸ்புளோர் ரெண்டும் ஸ்டிக்கர், தாள், மெல்லிய அட்டைக்கு. மேக்கர் வகை 4 கிலோ வரை அழுத்தம் கொடுக்கும். எக்ஸ்புளோரைவிட 10 மடங்கு என்பது தயாரிப்பாளரின் கணக்கு. தடித்த பொருளை வெட்டும் நைஃப் பிளேடு மேக்கரில் மட்டும்தான் பொருந்தும்.

நைஃப் பிளேடு 2.4 மிமீ வரை வெட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுறாங்க. அந்த அளவு மென்மையான மரத்துக்கும் அட்டைக்கும் சொன்னது. கடையில் விற்கும் பெரும்பாலான அக்ரிலிக் கீசெயின் 3 மிமீ தடிப்பு, லேசரில் வெட்டியது. அதை இந்தக் கத்தியால் வெட்ட முடியாது. 1 மிமீ, அதற்கும் குறைந்த மெல்லிய தகடுதான் வீட்டு மெஷினுக்கு உரியது. அதையும் ஒரே வெட்டில் எடுக்க முடியாது.

3. பால் வெட்டு சொல்லும் பாடம்

மலாயாவில் ரப்பரை வியாபாரப் பயிராக முதலில் நட்டது நம்ம மலாக்காவில்தான். 1896-ல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அதற்குப் பிறகு வந்த தோட்டங்களில் நம்ம தாத்தா பாட்டி விடியுமுன்னே எழுந்து பால் வெட்டினாங்க.

நல்ல வெட்டுக்காரர் மரத்தில் கத்தியை இறக்க மாட்டார். பட்டையில் மெல்லிசா ஒரு சீவல்தான் எடுப்பார். அடுத்த வெட்டுக்கு அதற்குக் கீழே இன்னொரு சீவல். ஆழமா இறக்கினா உள்தோல் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை சரியா வளராமல் முண்டு விழும். மரம் கெட்டுப் போகும்.

அக்ரிலிக்கும் அப்படியே. ஒரே தடவையில் பலமா அழுத்தாதீங்க. லேசா கீறுங்க, அதே கோட்டில் மறுபடி கீறுங்க. பத்து, பதினைந்து, சில தகட்டுக்கு இருபது தடவைகூட ஆகும். நேரம் போகும், ஆனா துண்டு முழுசா வரும்.

4. படம் தயாரிப்பு: தமிழ் எழுத்தில் உள்ள சிக்கல்

ஆங்கில எழுத்துக்கான வழிகாட்டி நிறைய கிடைக்கும். நம்ம எழுத்துக்கு நாமதான் யோசிக்கணும்.

முதல் சிக்கல், கொம்பு. சில வெட்டு மென்பொருளில் தமிழைத் தட்டினா 'கொ' என்பதில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிஞ்சு நிற்கும். இதுக்கு வழி: இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் பேரைத் தட்டி, எழுத்தை வடிவக் கோடாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்து மெஷினுக்கு அனுப்புங்க. பிறகு எழுத்து மாறாது.

இரண்டாவது, புள்ளி. பேரை மட்டும் தனியா வெட்டி எடுக்க நினைச்சா, மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டா கழன்று விழும். 'கவிதா'வுக்குப் புள்ளியே இல்லை, தப்பிச்சாங்க. 'கார்த்திக்' என்றால் மூன்று புள்ளி, மூன்றும் கீழே. அதோட எழுத்துக்கு எழுத்து இடைவெளி இருந்தா பேரே துண்டு துண்டா வரும். எழுத்துகளை ஒட்டிவைத்து, ஒரே வடிவமா இணைத்து, புள்ளிக்குச் சின்னப் பாலம் போடணும். இதைவிட சுலபம், வட்டமோ நீள்வட்டமோ ஒரு தகடு வெட்டி, பேரை ஸ்டிக்கரில் வெட்டி அதன்மேல் ஒட்டுவது. புதிதாகத் தொடங்குறவங்க இப்படியே செய்யுங்க.

மூன்றாவது, மூலை. கூர்மையான உள்மூலையில்தான் விரிசல் தொடங்கும். எல்லா மூலையையும் கொஞ்சம் உருட்டுங்க. தாமரை, மயில், கோபுரம் எதுவானாலும் வெளிக்கோடு எளிமையா இருக்கட்டும். நுணுக்கத்தை ஸ்டிக்கரில் காட்டுங்க.

வளையம் மாட்டும் துளை 3 மிமீ போதும். துளைக்கும் விளிம்புக்கும் நடுவில் குறைந்தது 3 மிமீ இருக்கணும். குறைஞ்சா சாவி ஆடுற ஆட்டத்தில் காது உடையும்.

5. வெட்டும் முறை

1. புதுக் கத்தியை மென்பொருளில் சொன்னபடி முதலில் அளவு சரிபாருங்க.
2. மெஷினின் உருளையில் உள்ள வெள்ளை நட்சத்திர வளையங்களை வலது ஓரத்துக்குத் தள்ளுங்க. இல்லைன்னா தகட்டில் தடம் பதியும். தகடு 28 செ.மீ. அகலத்துக்கு மேல் போகக்கூடாது.
3. அதிகப் பிடிப்புள்ள ஊதா நிற மேட்டில் தகட்டை அழுத்தி ஒட்டுங்க. நாலு ஓரமும் மாஸ்கிங் டேப் போடுங்க. தகடு ஒரு மிமீ நகர்ந்தாலும் முன்பு விழுந்த கோட்டில் கத்தி மறுபடி விழாது.
4. முதலில் ஓரத்தில் 1 செ.மீ. வட்டம் ஒன்றை வெட்டிச் சோதிங்க. முழுத் தகட்டில் நேரா இறங்காதீங்க.
5. சொன்ன தடவை முடிஞ்சதும் மேட்டை வெளியே எடுக்காதீங்க. மெஷினிலேயே வைத்து, ஓரத்தை லேசா தூக்கிப் பாருங்க. வெட்டு கீழே வரை போகலைன்னா மறுபடி ஓட விடுங்க. மேட்டை எடுத்து மறுபடி வைத்தால் கோடு மாறிவிடும்.
6. துண்டை எடுக்கும்போது துண்டை வளைக்காதீங்க. மேட்டைத் திருப்பிப் போட்டு, மேட்டை உரிங்க.

கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். அக்ரிலிக் சில்லு கண்ணுக்குள் போனா நிறமில்லாததால் தேடி எடுப்பதும் கஷ்டம். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தா பெரியவர் ஒருத்தர் கூடவே இருக்கணும்.

6. வெட்டிய பிறகு

விளிம்பைத் தண்ணீர் தொட்டு மணல்தாளில் தேயுங்க. 240-ல் தொடங்கி 400, பிறகு 600. தண்ணீர் இருந்தா தூசி பறக்காது. துளையை டிரில்லில் போடுறதா இருந்தா, அடியில் பலகை வைத்து மெதுவா சுற்றுங்க. வேகம் கூடினா சூட்டில் அக்ரிலிக் இளகி ஒட்டிக்கும்.

ஒளி ஊடுருவும் தகட்டின் பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டினா கைபட்டு உரியாது. அப்போ படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்டணும்.

துடைக்க சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். ஆல்கஹால், கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவம் ரெண்டும் வேண்டாம். வெட்டிய விளிம்பில் மயிரிழை விரிசல் பரவும். சூப்பர் குளூ போட்டாலும் சுற்றிலும் வெள்ளையா பூத்துவிடும்.

7. 3 மிமீ வேணும்னா?

லேசர் கடைக்குக் கோப்பைக் கொடுத்து வெட்டச் சொல்லுங்க. இல்லைன்னா துளையோடு வெட்டி விற்கும் வெற்றுத் தகட்டை வாங்கி, உங்க மெஷினில் ஸ்டிக்கர் மட்டும் வெட்டுங்க. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படமும் பேரும்தானே வாங்குறவரைக் கவருது!

லேசர் வாங்க நினைக்கிறவங்க ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும். மலிவா கிடைக்கும் நீல டயோடு லேசரின் ஒளி, நிறமற்ற அக்ரிலிக்குக்குள் நுழைஞ்சு அப்படியே வெளியே போயிடும், வெட்டாது. அதுக்குக் கார்பன் டை ஆக்சைடு லேசர் வேணும். அடுத்தது உயிர் விஷயம்: பி.வி.சி. தகட்டை எந்த லேசரிலும் வைக்கக்கூடாது. சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலையும் கெடுக்கும், மெஷினையும் அரிக்கும். என்ன பொருள் என்று கடைக்காரர் உறுதியா சொல்லலைன்னா வாங்காதீங்க. அக்ரிலிக்கும் தீப்பிடிக்கும்; லேசர் ஓடும்போது ஆள் நகரக்கூடாது.

8. காசுக் கணக்கு

இந்த விலைகள் கணக்குப் பழகுவதற்கு மட்டும். உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க.

ஒரு ஏ4 தகடு 10 வெள்ளி. 4 × 5 செ.மீ. அளவில் 20 துண்டு வரும். நாலு உடையும் என்று வைங்க, மிஞ்சுவது 16. துண்டுக்கு 63 காசு. வளையமும் சங்கிலியும் 40, ஸ்டிக்கர் 20, கத்தி மேட் தேய்மானம் 30, பை 10. மொத்தம் 1 வெள்ளி 63 காசு. ஒரு துண்டுக்கு 10 நிமிட வேலை, மணிக்கு 9 வெள்ளி கூலி என்றால் 1 வெள்ளி 50 காசு. ஆக 3 வெள்ளி 13 காசு.

3 வெள்ளிக்கு விற்றால் நட்டம். 5 வெள்ளிக்கு விற்றால் மிச்சம் 1 வெள்ளி 87 காசு. மெஷின் 1,800 வெள்ளி என்றால், அந்தக் காசு திரும்ப 963 கீசெயின் விற்கணும்! ஒரு தோட்டக் கிளை தனியா இதைத் தாங்குவது கஷ்டம். ஜாசின் வட்டாரத்துக்கு ஒன்று, அலோர் காஜா வட்டாரத்துக்கு ஒன்று என்று நாலைந்து கிளை சேர்ந்து வாங்கினா, பாரமும் குறையும், பழகும் கைகளும் கூடும்.

கார்ட்டூன் வீரர், கால்பந்துக் குழுச் சின்னம் போட்டு விற்காதீங்க. அது மற்றவர் உரிமை. பேர், ஊர், கோலம், பூ இவை நம்முடையவை.

கிளைக் கூட்டத்தில் செய்யவும் பேசவும்

1. உங்க பேரில் எத்தனை புள்ளி? காகிதத்தில் எழுதி, ஒரே துண்டா வரும்படி பாலம் போட்டு கத்தரியால் வெட்டிப் பாருங்க.
2. மேலே உள்ள கணக்கில் உடையும் துண்டு நாலுக்குப் பதில் எட்டானா, அடக்க விலை எவ்வளவு?
3. சாவி கீழே விழும், கால் படும் இடத்திலும் கிடக்கும். சாமி படத்தைக் கீசெயினில் போடலாமா? பெரியவங்களையும் வைத்துக்கொண்டு பேசுங்க.
4. உங்க ஊரில் மெஷின் வாங்காமலே தொடங்க என்ன வழி? மூன்று வழி எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க.