சால்வியாச் செடிகளில் கவாத்து: வெட்டுமுன் மொட்டைக் காண்க

வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படும் செடிகளுள் சால்வியா குறிப்பிடத்தக்கது. துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இப்பேரினத்தில் சுமார் 1,000 இனங்கள் உள்ளன. அவற்றுள் சில, ஒரே பருவத்தில் பூத்து முடிபவையாக நம்மால் பயிரிடப்படுகின்றன. சில, ஆண்டுதோறும் தூரிலிருந்து புதிதாகத் தளிர்ப்பவை. வேறு சில, அடிப்பாகம் கட்டையாக முற்றும் குறுஞ்செடிகள். பெயர் ஒன்றாயிருத்தலால் எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டிவிடும் வழக்கம் பலரிடம் காணப்படுகிறது. ஒன்றுக்கு நன்மை தரும் வெட்டு மற்றொன்றின் உயிரையே போக்கிவிடலாம். களப்பணியாளரோ ஆசிரியரோ ஒரு செடியில் செய்து காட்டுவதை, காண்போர் தம் வீட்டிலுள்ள எல்லாச் செடிகளிலும் செய்வர். ஆகவே, காரணத்தையும் உடன் விளக்குதல் அவசியம்.

கவாத்தின் தத்துவம்

சால்வியாவின் தண்டு நாற்கோண வடிவமுடையது. கணுதோறும் இரண்டு இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டு உண்டு. தண்டின் நுனி வளர்ந்துகொண்டிருக்கும் வரையில் இம்மொட்டுகள் பெரும்பாலும் உறங்கியே கிடக்கும். நுனியில் உண்டாகிக் கீழ்நோக்கிச் செல்லும் ஆக்ஸின் என்ற வளர்ச்சிப்பொருள் அவற்றை அடக்கிவைப்பதே இதற்கு ஒரு முக்கிய காரணமாகும். திமன், ஸ்கூக் என்னும் இரு விஞ்ஞானிகள் 1933இல் இதனை வெளியிட்டனர். அவரையினச் செடியின் நுனியை நீக்கியபோது பக்க மொட்டுகள் வளர்ந்தன. நீக்கிய இடத்தில் ஆக்ஸினை வைத்தபோது அவை அடங்கியே இருந்தன. சைட்டோகைனின், ஸ்ட்ரைகோலாக்டோன் போன்ற பிற பொருள்களுக்கும், மொட்டுக்குக் கிடைக்கும் சர்க்கரைக்கும் இதில் பங்குண்டு என்பது பிற்கால ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று.

இதிலிருந்து பெறப்படும் விதி எளியது. உயிருள்ள மொட்டுக்குச் சற்று மேலே வெட்டினால் செடி தழைக்கும். மொட்டில்லாத இடத்திற்குக் கீழிறங்கி வெட்டினால் தழைக்க வழியில்லை. கணுவில் இரண்டு மொட்டுகள் இருப்பதால், ஒரு தண்டு நீங்கிய இடத்தில் பொதுவாக இரண்டு கிளைகள் தோன்றும்.

1. பருவச் செடிகள்

பிரேசில் நாட்டைத் தாயகமாகக் கொண்ட செஞ்சால்வியா நம் நாட்டுச் சமவெளிகளில் குளிர்காலப் பூச்செடியாக வளர்க்கப்படுகிறது. நாற்றில் மூன்று அல்லது நான்கு ஜோடி இலைகள் தோன்றியதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பூக்கத் தொடங்குவது சில நாள்கள் தாமதமாகும். ஆனால் பூங்கதிர்கள் மிகும். தாமாகவே நன்கு கிளைக்கும் குட்டை வகைகளுக்குக் கிள்ளுதல் தேவையில்லை.

இச்செடியில் பூவிதழ் உதிர்ந்த பின்னரும் சிவந்த புல்லிவட்டம் நிலைத்து நிற்கும். ஆகையால் இதழ் உதிர்ந்தவுடனே கதிரை வெட்டிவிடலாகாது. கதிரின் நிறம் மங்கிய பின், அதற்குக் கீழுள்ள முதல் இலைஜோடிக்கு மேலே வெட்டுக. விதை முற்றுவதற்குச் செல்லும் உணவு அதனால் புதிய கிளைகளுக்குக் கிடைக்கும். விதை சேகரிக்க விரும்புவோர் சில கதிர்களை முற்ற விடலாம்.

2. தூரிலிருந்து தளிர்ப்பவை

மெக்சிகோவிலிருந்து வந்த, ஊதா நிற வெல்வெட் போன்ற கதிர்களையுடைய சால்வியா லூகாந்தா மலைநகரத் தோட்டங்களில் வளர்க்கப்படுகிறது. பூத்து முடிந்த தண்டுகள் மீண்டும் நன்கு பூப்பதில்லை. அவற்றைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திற்கும் குறைவாக வெட்டிவிடலாம். தூரிலிருந்து புதுத்தண்டுகள் எழும். உறைபனி விழும் இடங்களில் பழைய தண்டுகள் தூருக்குப் போர்வையாக உதவுவதால், குளிர் நீங்கித் தளிர்கள் தென்படும் வரையில் பொறுத்திருத்தல் நலம். பகற்பொழுது குறுகும் காலத்தில்தான் இச்செடி பூக்கிறது. ஆகவே, மழைக்காலத்தின் இறுதியில் இதனை வெட்டினால் அவ்வாண்டின் பூக்கள் பெரும்பாலும் கிடையாமற் போகும்.

3. கட்டையாகும் குறுஞ்செடிகள்

மத்தியதரைக்கடல் பிரதேசத்தைச் சேர்ந்த சால்வியா அஃபிசினாலிஸ் மணமுள்ள இலைகளுக்காகவும், ஊதா மற்றும் பலநிற இலைவகைகளின் அழகுக்காகவும் வளர்க்கப்படுகிறது. பெரும்பாலான சேதம் இதில்தான் நேர்கிறது. இலையற்ற பழங்கட்டையில் விழித்தெழக்கூடிய மொட்டுகள் மிகக் குறைவு. எனவே கட்டை வரையில் வெட்டப்பட்ட செடி பலமுறை தளிர்க்காமலே பட்டுப்போகிறது. புதுத்தளிர் விடும் காலத்தில், பசுமையான பாகத்தில் மட்டும், மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படாமல் வெட்டுக. வெட்டிய இடத்திற்குக் கீழே இலைகள் எஞ்சியிருத்தல் வேண்டும். அடியில் வெறுங்கட்டையாகிவிட்ட பழஞ்செடியை வெட்டிச் சீராக்க முயல்வதைவிட, இளங்கிளைகளைப் பதியன் போட்டுப் புதுச்செடி உண்டாக்குவதே சிறந்தது. 2017ஆம் ஆண்டில் தாவரநூலார் ரோஸ்மேரியையும் சால்வியாப் பேரினத்தில் சேர்த்தனர். அதற்கும் இவ்விதியே பொருந்தும்.

பொதுக் குறிப்புகள்

கவாத்துக் கத்தரி கூர்மையாகவும் தூய்மையாகவும் இருக்க வேண்டும். நசுங்கிய தண்டில் நோய் எளிதில் பற்றும். மழையில்லாத நாளில் வெட்டுக. நோயுற்ற செடியை வெட்டிய பின் கத்தரியைச் சாராயம் அல்லது ஸ்பிரிட்டினால் துடைக்க வேண்டும். இலைகள் குறைந்த செடிக்கு நீரும் குறைவாகவே தேவை. கடுங்கோடையில் பெருங்கவாத்து கூடாது.

வகுப்புப் பயிற்சி

ஒரே அளவுள்ள ஆறு செஞ்சால்வியா நாற்றுகளை ஒரேவித மண்ணும் வெயிலும் அமையுமாறு தொட்டிகளில் நடுக. மூன்றின் நுனியைக் கிள்ளிவிட்டு, மூன்றை அப்படியே விடுக. கிளைகளின் எண்ணிக்கை, முதற்பூ தோன்றிய நாள், கதிர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை மாணவர்கள் வாரந்தோறும் குறித்து வரட்டும். கிள்ளுவதால் பெறுவது இன்னது, இழப்பது இன்னது என்பதை அவர்கள் தாமே காண்பர். இறுதியில், வேறொரு செடியை அவர்கள்முன் வைத்து, கத்தரியைக் கொடுக்கும் முன்னர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “இதில் உயிருள்ள மொட்டு எங்கே இருக்கிறது?” அதனைச் சரியாகச் சுட்டிக்காட்டிய மாணவனிடமே கத்தரியைக் கொடுக்கலாம்.