புதிய அரசியலமைப்பு வந்தால் நமக்கு என்ன?



"யாப்பை யார் எழுதினாலும் நாம கொழுந்துதானே பறிக்கணும்" என்று பதுளைப் பக்கத்து லயங்களில் சிலர் சொல்வதுண்டு. இது சரியா? நடந்ததைப் பார்ப்போம்.

சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்தாருக்கு மட்டும் பாதகமான சட்டம் செய்யக்கூடாது என்றது. ஆனாலும் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்ம பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. வாக்காளர் இடாப்பில் பெயர் மறுக்கப்பட்ட கோடாக்கன் பிள்ளையின் வழக்கு, லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. 1972 யாப்பில் அந்தப் பிரிவே இல்லாமல் போனது. மிஞ்சிய நாடற்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழி திறந்தது. 55 வருஷம்!

ஆக, ஏட்டில் எழுதினால் மட்டும் போதாது. அதைக் காக்கும் பூட்டும் வேணும்.

1978 யாப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோரும் சமம் என்கிறது. ஆனால் மக்கள் தீர்ப்புக் கேட்டே மாற்றவேண்டிய உறுப்புரைகளை வரிசைப்படுத்தும் 83ஆம் உறுப்புரையில் 12இன் பெயர் இல்லை. உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போகவேணும். நாட்சம்பளக்காரருக்கு இது முடிகிற காரியமா?

புதிய யாப்பு வேணும் என்பதே எங்கள் எண்ணம். ஆனால் இரண்டு கேள்வி கேட்போம்:

1. சமத்துவத்துக்கு மக்கள் தீர்ப்பு என்ற பூட்டு உண்டா?
2. உரிமை வழக்கைப் பதுளையிலேயே போடலாமா?

2016இல் ஊர் ஊராக மக்கள் கருத்துக் கேட்டார்கள். மறுபடி கேட்கும் நாளில் நாம் வாய்மூடி நிற்கக்கூடாது. இன்றைக்கே லயத்தில் கூடிப் பேசுங்கள், எழுதி வையுங்கள்.