உப்புக்காற்றுக்கு முதலில் ஒரு டப்பா

பாம்பனில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். டிவி, சார்ஜர், படகு வயர்லெஸ் எல்லாம் வரும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி நிற்பார்கள். அவர்கள் வீட்டிலேயே செய்துபார்க்கச் சாமான்கள் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தபோது, காசுதான் பெரிய தடை என்று நினைத்தேன். அதற்கு முன்னால் வந்து நின்றது உப்புக்காற்று.

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ஒரு எல்இடியை எரியவைக்க இரண்டு நாள் போராடினாள். "எனக்கு இது வராதுண்ணே" என்று பிரெட்போர்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அவள் போட்ட சர்க்யூட்டில் தப்பே இல்லை. போர்டின் அடியில் இருந்த ஒட்டுத்தாளை உரித்து ஒரு கிளிப்பை உருவிக் காட்டினேன். விளக்காத குத்துவிளக்கில் ஏறுவதுபோல் பச்சைக் களிம்பு. மழைக்காலம் முழுக்க ஜன்னலோரம் திறந்து கிடந்த போர்டு அது. எத்தனை பிள்ளைகள் இப்படித் தங்கள்மேல் பழியைப் போட்டுக்கொண்டு விலகியிருப்பார்களோ!

அதிலிருந்து நான் முதலில் வாங்கச் சொல்வது, ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான மூடியுள்ள சாப்பாட்டு டப்பா. புதுச் செருப்போடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அதில் போட்டு, வேலை முடிந்த கையோடு மூடிவிட வேண்டும். சரியாக வந்த சர்க்யூட்டை டாட் போர்டில் சால்டர் செய்து, மேலே நகப்பாலிஷ் ஒரு பூச்சுக் கொடுங்கள். படகுக்காரர்கள் பேட்டரி முனையில் கிரீஸ் தடவுவதும் இதே காரணத்துக்குத்தான்.

அடுத்தது மல்டிமீட்டர். சில நூறு ரூபாய் மீட்டரே போதும். கன்டினியுட்டி வைத்தால் 'பீப்' சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். 1972-ல் சந்தைக்கு வந்த 555 ஐசி இன்றைக்கும் மலிவு. அதில் இரண்டு, கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், எல்இடி. கரண்டுக்குப் பழைய போன் சார்ஜரின் 5 வோல்ட். ஒயரை வெட்டினால் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ் என்று நம்பிவிடாதீர்கள், மீட்டர் வைத்துப் பாருங்கள். 230 வோல்ட் பக்கம் பிள்ளைகள் கை போகவே கூடாது. அப்பாவின் படகு பேட்டரியும் வேண்டாம். 12 வோல்ட்தானே என்று தோன்றும். ஷார்ட் ஆனால் ஒயர் பழுத்துச் சிவந்துவிடும்.

அலைவடிவம் பார்க்க ஆசிலோஸ்கோப்பை வீட்டுக்கு வீடு வாங்க முடியாது. டெல்லி இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரின் பீனிக்ஸ் திட்டத்தில் உருவான 'எக்ஸ்பைஸ்' கருவியைக் கம்ப்யூட்டரில் செருகினால் அந்த வேலையைச் செய்யும். தெருவுக்கு ஒன்று இருந்தாலே போதும்.

எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த சோதனை தண்ணீரில்தான். 9 வோல்ட் பேட்டரி, 330 ஓம் ரெசிஸ்டர், சிவப்பு எல்இடி, இரண்டு பக்கமும் சீவிய இரண்டு பென்சில். பென்சில் முனைகளைக் கடல்தண்ணீரில் வைத்தால் எல்இடி பளிச்சென்று எரியும், குடிதண்ணீரில் மங்கிவிடும். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு செய்கிற வேலை. சில விநாடியில் எடுத்துவிடுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். உப்புத்தண்ணீரில் கரண்ட் பாய்ந்தால் குளோரின் வாயு வரும்.

போர்டைத் திருப்பிக் கொடுத்த அந்தப் பிள்ளை, இப்போது இதே சர்க்யூட்டில் மீட்டரையும் கோத்து, பென்சில் இடைவெளி மாறாமல் அட்டையில் குத்திவைத்து, தெருக் கிணறுகளை ஒவ்வொன்றாக அளக்கிறாள். எத்தனை மில்லியாம்ப் என்று நோட்டில் ஏற்றுகிறாள். போன வாரம் ஏழாவது கிணறு.