மாதக் கடைசியில் 400 பில்: எக்ஸ்குவெரியின் புதிய வசதிகள்



எக்ஸ்எம்எல் என்ற பெயரைப் பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். கோணக் குறிக்குள் ஒரு பெயர், நடுவில் விவரம், கடைசியில் அதே பெயரைப் போட்டு மூடுவது. 1998-ல் வந்த சங்கதி. "அதெல்லாம் பழசு அண்ணே, இப்போ எல்லாம் ஜேசன்தான்" என்று சொல்கிற தம்பிகள் நிறைய. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மின்-இன்வாய்ஸ் வரும் வரைக்கும்.

2024 ஆகஸ்ட் 1-லிருந்து, ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் வியாபாரம் செய்யும் மலேசிய நிறுவனங்கள் தங்கள் பில்களை உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் முறைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்குக் கீழே உள்ளவர்களில் பலர் 2025-லிருந்து கட்டம் கட்டமாகச் சேர்ந்தார்கள். அங்கே பில் எந்த வடிவத்தில் போகிறது தெரியுமா? ஒன்று எக்ஸ்எம்எல், இல்லாவிட்டால் ஜேசன். இரண்டுக்கும் அடிப்படை யூபிஎல் 2.1 என்ற அனைத்துலக பில் அமைப்பு. ஆக, எஸ்.பி.எம் முடித்துவிட்டுக் கணக்கு அலுவலகத்தில் வேலைக்குச் சேரும் ஒரு தங்கைக்கு இன்றைக்கு எக்ஸ்எம்எல் பழைய கதை இல்லை. மாதக் கடைசியில் அவள் மேசைக்கு வரும் வேலை அது.

அந்த வேலைக்குச் சரியான கருவி எக்ஸ்குவெரி. தரவுத்தளத்துக்கு எஸ்க்யூஎல் எப்படியோ, எக்ஸ்எம்எல்லுக்கு எக்ஸ்குவெரி அப்படி. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. 3.0 பதிப்பு 2014-ல், 3.1 பதிப்பு 2017-ல். (2.0 என்று ஒன்று கிடையாது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.) இந்தப் பாடம் 2014-லும் 2017-லும் சேர்ந்த வசதிகளைப் பற்றியது. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பல இன்னும் 2007-லேயே நிற்கின்றன.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்குவெரியின் கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் ஒலியை மட்டும் தமிழில் எழுதுகிறேன். ஆனால் எக்ஸ்எம்எல் குறிப் பெயர்களையும் மாறிகளின் பெயர்களையும் நிஜமாகவே தமிழில் வைக்கலாம். கருவி ஒன்றும் முகம் சுளிக்காது.

பயிற்சிக்கு நாலே நாலு பில்:

<பில் எண்="17" வகை="01"><விற்றவர் வரிஎண்="வ1"/><தொகை>1250.00</தொகை></பில்>
<பில் எண்="8" வகை="01"><விற்றவர் வரிஎண்="வ2"/><தொகை>640.50</தொகை></பில்>
<பில் எண்="18" வகை="02"><விற்றவர் வரிஎண்="வ1"/><தொகை>50.00</தொகை></பில்>
<பில் எண்="21" வகை="01"><விற்றவர் வரிஎண்="வ1"/><தொகை>300.00</தொகை></பில்>

முதலாளி கேட்கிறார்: "இந்த மாசம் யாருக்கு எவ்வளவு கொடுக்கணும்?" அதாவது விற்றவர் வாரியாகக் கூட்டுத்தொகை. எல்லா பில்லையும் $பில்கள் என்ற மாறியில் வைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம்.

2007 முறையில் இதை இப்படி எழுத வேண்டியிருந்தது:

ஃபார் $வ இன் டிஸ்டிங்க்ட்-வேல்யூஸ்($பில்கள்/விற்றவர்/@வரிஎண்)
லெட் $இவர்பில் := $பில்கள்[விற்றவர்/@வரிஎண் = $வ]
ரிட்டர்ன் சம்($இவர்பில்/தொகை)

முதலில் விற்றவர்களின் பட்டியலை எடுக்கிறோம். பிறகு ஒவ்வொருவருக்கும் எல்லா பில்லையும் மறுபடி முதலிலிருந்து புரட்டுகிறோம். 40 விற்றவர், 400 பில் என்றால் 16,000 முறை பார்க்க வேண்டும். கருவி புத்திசாலியாக இருந்தால் குறைத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய தொல்லை, "வரிஎண்படி பிரி" என்று நாம் நினைத்தது எழுதியதில் எங்கேயும் இல்லை. ஆறு மாதம் கழித்து இன்னொருவர் படித்தால் தலையைச் சொறிவார்.

3.0-ல் 'குரூப் பை' வந்தது:

ஃபார் $பில் இன் $பில்கள்
லெட் $வரிஎண் := $பில்/விற்றவர்/@வரிஎண்
லெட் $தொகை := எக்ஸ்எஸ்:டெசிமல்($பில்/தொகை)
குரூப் பை $வரிஎண்
ஆர்டர் பை சம்($தொகை) டிசெண்டிங்
ரிட்டர்ன் $வரிஎண் || " : " || சம்($தொகை)

நடுவில் இருக்கும் 'குரூப் பை' வரியில் கொஞ்சம் நில்லுங்க. புதிதாகப் படிக்கிற எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இது. அந்த வரிக்கு மேலே $தொகை என்றால் ஒரு பில்லின் தொகை, ஒரே ஓர் எண். அந்த வரியைத் தாண்டியதும் அதே $தொகை அந்தக் குழுவில் இருக்கும் எல்லா பில்களின் தொகைகளும் சேர்ந்த வரிசையாகிவிடுகிறது. வ1-க்கு மூன்று எண்கள், வ2-க்கு ஒன்று. $பில்லும் அப்படியே பல பில்களாகிவிடும். $வரிஎண் மட்டும் ஒற்றையாகவே இருக்கும். அதனால்தான் கீழே 'சம்' போட முடிகிறது. பேர் மாறாமல் ஆள் மாறுவதால் முதலில் குழப்பும். கையால் ஒரு தாளில் நாலு பில்லையும் எழுதி, கோடு போட்டு, கோட்டுக்கு மேல் என்ன, கீழ் என்ன என்று பார்த்தால் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

ஆர்டர் பை, வேர் எல்லாம் இந்த ஒழுங்கில்தான் வர வேண்டும் என்ற பழைய கட்டாயமும் 3.0-ல் தளர்ந்துவிட்டது. குழு பிரித்த பிறகு இன்னொரு 'வேர்' போட்டு, 1,000 ரிங்கிட்டுக்கு மேல் உள்ளவர்களை மட்டும் எடுக்கலாம்.

பெயரை வைத்துப் பிரிக்காமல் ஏன் வரிஎண்? ஒரே நிறுவனம் ஒரு பில்லில் 'சென்டிரியான் பெர்ஹாட்' என்பதன் சுருக்கத்தைப் புள்ளி வைத்து எழுதும், அடுத்த பில்லில் புள்ளி இல்லாமல் பெரிய எழுத்தில் எழுதும். நமக்கு ஒரே ஆள். கருவிக்கு இரண்டு பேர், இரண்டு குழு. பெயரை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் 3.1-ல் வந்த அம்புக்குறி உதவும்: $பெயர் => நார்மலைஸ்-ஸ்பேஸ்() => அப்பர்-கேஸ்(). இடமிருந்து வலமாக, சமையல் குறிப்பு மாதிரிப் படித்துக்கொண்டு போகலாம். ஆனாலும் புள்ளிகள் அப்படியேதான் இருக்கும். வரிஎண்தான் நல்லது.

டெசிமல் என்று ஒன்று போட்டிருக்கிறேன், பார்த்தீர்களா? அதை விட்டுவிட்டால் 'சம்' தொகைகளை டபுள் என்ற மிதவை எண்ணாக எடுத்துக்கொள்ளும். அந்த வகையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. காசுக் கணக்கில் ஒரு சென் வால் தொங்கினாலும் கணக்காளர் விடமாட்டார்.

சரி, மேலே எழுதியதை ஓட்டினால் வ1-க்கு 1600 என்று வரும். அது தப்பு.

எண் 18-ஐப் பாருங்க. வகை "02". மைஇன்வாய்ஸ் குறியீட்டில் 01 சாதாரண இன்வாய்ஸ், 02 கிரெடிட் நோட். அதாவது விற்றவர் நமக்குக் குறைத்துக் கொடுத்த தொகை. அதைக் கழிக்க வேண்டும், நாம் கூட்டிவிட்டோம். சரியான விடை 1500. நூறு ரிங்கிட் வித்தியாசம். எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 3.0-ல் வந்த 'ஸ்விட்ச்' இதற்கு ஏற்றது:

லெட் $மதிப்பு := எக்ஸ்எஸ்:டெசிமல்($பில்/தொகை)
லெட் $தொகை := ஸ்விட்ச் ($பில்/@வகை)
   கேஸ் "02" ரிட்டர்ன் -$மதிப்பு
   டிஃபால்ட் ரிட்டர்ன் $மதிப்பு

முன்பு 'இஃப்'புக்குள் 'இஃப்' என்று அடுக்க வேண்டும். இப்போது வகைக்கு ஒரு வரி. டெபிட் நோட் 03, ரிஃபண்ட் நோட் 04, சுயமாக எழுதும் பில்கள் 11 முதல் 14 வரை. இவற்றில் எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது, எதை விட்டுவிடுவது என்பது நிரல் எழுதுபவர் முடிவு செய்கிற விஷயம் இல்லை. உங்கள் கணக்காளரைக் கேட்டு எழுதுங்க.

அடுத்து, இல்லாத ஆள். விற்றவர் பட்டியலில் வ3 இருக்கிறார், இந்த மாதம் பில் அனுப்பவில்லை. பட்டியலுக்கு ஒரு 'ஃபார்', பில்லுக்கு ஒரு 'ஃபார்' என்று எழுதினால் வ3 அறிக்கையிலேயே வரமாட்டார். பில் அனுப்ப மறந்தவரை முதலாளிக்கு எப்படித் தெரியும்? 3.0-ல் இரண்டு சொல் சேர்த்தால் போதும்:

ஃபார் $வி இன் $பட்டியல்/விற்றவர்
ஃபார் $பில் அலவிங் எம்ப்டி இன் $பில்கள்[விற்றவர்/@வரிஎண் = $வி/@வரிஎண்]

'அலவிங் எம்ப்டி' என்றால் ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் ஒரு வரியாவது கொடு என்று அர்த்தம். எஸ்க்யூஎல் படித்தவர்களுக்கு இது 'லெஃப்ட் அவுட்டர் ஜாயின்'. இரண்டாவது 'ஃபார்' இடத்தில் 'லெட்' போட்டு 2007-லும் சமாளிக்கலாம்தான். ஆனால் பில்லுக்கு ஒரு வரி வேண்டும் என்றால் இதுதான் நேர்வழி.

'விண்டோ' என்ற வசதியும் 3.0-ல் வந்தது. வரிசையாக வரும் விவரங்களை ஜன்னல் ஜன்னலாக வெட்டிப் பார்ப்பது. நம்முடைய சொந்த பில் எண்களில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க நான் பயன்படுத்துவேன்:

ஃபார் ஸ்லைடிங் விண்டோ $ஜோடி இன் $எண்கள்
  ஸ்டார்ட் அட் $அ வென் ட்ரூ()
  ஒன்லி எண்ட் அட் $ஆ வென் $ஆ - $அ ஈக்யூ 1
வேர் $ஜோடி[2] - $ஜோடி[1] ஜிடி 1
ரிட்டர்ன் $ஜோடி[1] || " அடுத்து விடுபட்டுள்ளது"

அடுத்தடுத்த இரண்டு இரண்டு எண்களாக எடுத்து, இடைவெளி ஒன்றுக்கு மேல் இருந்தால் சொல்லும். எண்களை முதலில் வரிசைப்படுத்தி, எண் வகையாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி 'டிரை - கேட்ச்'. இதில் என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் பழைய பில்களைக் கூட்டும் வேலை. ஒரு கோப்பு கெட்டிருந்தால் மொத்த வேலையும் நின்றுபோகிறது என்று எரிச்சலாகி, 'கேட்ச்' பகுதியில் "பிழை வந்தால் 0" என்று எழுதினேன். அழகாக ஓடியது. ஒரு பில்லில் தொகை 12,400.00 என்று நடுவில் காற்புள்ளியோடு இருந்தது. டெசிமலுக்குக் காற்புள்ளி ஆகாது, பிழை வந்தது, என் கட்டளைப்படி அது சுழியமாகிவிட்டது. கண்டுபிடித்தது நானோ கணினியோ இல்லை. பக்கத்து மேசையில் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்த அக்கா. "என்ன தம்பி, 12 ஆயிரம் எங்கே போச்சு?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

'கேட்ச்'சைக் குறை சொல்லிப் பயனில்லை. 2007-ல் அது கிடையாது, ஒரு கெட்ட கோப்பு வந்தால் எல்லாம் நின்றுவிடும். இப்போது நிற்காமல் போகலாம். ஆனால் போகிற போக்கில் கோப்பின் பெயரையும் பிழையின் விவரத்தையும் தனிப் பட்டியலில் எழுதிவிட்டுப் போங்க. பிழை விவரம் $எர்:டிஸ்கிரிப்ஷன் என்ற மாறியில் தானாகவே கிடைக்கும்.

இதே மாதிரி சத்தம் போடாமல் கவிழ்க்கிற இன்னொன்று நேம்ஸ்பேஸ். நம் பயிற்சி பில்லில் அது இல்லை. நிஜமான யூபிஎல் பில்லில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு குடும்பப் பெயர் உண்டு. அதை நிரலின் தலைப்பில் அறிவிக்காமல் வெறும் பெயரைக் கேட்டால் விடை காலி. பிழை என்றுகூடச் சொல்லாது. 400 பில் இருந்தும் கூட்டுத்தொகை 0 என்று வந்தால் முதலில் இதைப் பாருங்க. அவசரத்துக்குப் பெயருக்கு முன்னால் *: போட்டால் எந்தக் குடும்பமானாலும் பிடித்துவிடும்.

கடைசியாக ஜேசன். சில விற்றவர்கள் பில்லை ஜேசனாகவே தருவார்கள். 2017-ல் 3.1 பதிப்பு மேப், அரே இரண்டையும் மொழிக்குள் கொண்டுவந்தது. 'ஜேசன்-டாக்' என்ற செயற்கூறு கோப்பைத் திறந்து மேப்பாகத் தரும். உள்ளே போக கேள்விக்குறி போதும்: $கோப்பு?இன்வாய்ஸ்?1?ஐடி?1?_ என்று. கடைசியில் கீழ்க்கோடு ஏன் என்றால், மைஇன்வாய்ஸ் ஜேசனில் ஒவ்வொரு மதிப்பும் ஓர் அரேக்குள், கீழ்க்கோடு என்ற பெயருக்குள் உட்கார்ந்திருக்கும். பார்க்கக் கொஞ்சம் அசிங்கம்தான். ஜாவாஸ்கிரிப்ட் பழகியவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும்: இங்கே அரே 1-லிருந்து தொடங்கும், 0-லிருந்து இல்லை. தொகைகள் டபுளாக வரும், அதனால் டெசிமலாக்கி 'ரவுண்ட்' போட்டு இரண்டு தசமத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இதையெல்லாம் எங்கே ஓட்டுவது? பேஸ்எக்ஸ், சாக்ஸன் இரண்டிலும் இலவசப் பதிப்பு உண்டு. பேஸ்எக்ஸில் எழுத எழுத விடை பக்கத்திலேயே தெரியும், படிக்க அதுதான் வசதி. உலாவியில் உள்ளது 1999-ன் எக்ஸ்பாத் 1.0 மட்டுமே, அங்கே இவை எதுவும் வேலை செய்யாது. அலுவலக பில்லை ஏதோ ஓர் இணையதளத்தில் ஒட்டிச் சோதிக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். அதில் அடுத்தவர் வரி எண்ணும் விலையும் இருக்கிறது.

பயிற்சி: மேலே உள்ள நாலு பில்லோடு வ3-ஐயும் பட்டியலில் சேர்த்து, மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு வரி வருமாறு ஒரே நிரல் எழுதுங்க. வ1-க்கு 1500, வ2-க்கு 640.5, வ3-க்கு 0. வ3 பில் அனுப்பாததால் 0, தொகையில் பிழை இருந்ததால் 0 இல்லை என்பது அந்த வரியிலேயே தெரிய வேண்டும்.